நுரை பட்ட சட்டைகள்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நான் நலம், அம்மா தேறி வருகிறாள், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்குச் சொல்ல வாய் வராது.

போன மாதம் சித்தப்பா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "இத்தனை வருஷம் தீயணைப்பு வேலை பாத்தேன், எரியிற வீட்டுலயும் தூங்குற ஆளை இப்பதான் பாக்குறேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள், வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. மறுவாரம் மாடிப்படியில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். பரிசோதித்ததில் தைராய்டு ஹார்மோன் ரொம்பக் குறைவு. டாக்டரம்மா என் வேலையை விசாரித்துவிட்டு, "யூனிஃபார்மை யார் துவைப்பாங்க?" என்றார். அம்மாதான் என்றேன். எண்ணெய்த் தீக்கு நாங்கள் அடித்த நுரையில் இருந்த ரசாயனம் சட்டை வழியாக உடம்புக்குள் போனால் லேசில் சிதையாதாம், பித்தநீரோடு குடலுக்கு வந்தாலும் திரும்ப ரத்தத்துக்கே ஏறி வருஷக்கணக்கில் தங்குமாம். தைராய்டுக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல மாட்டேன் என்றார். இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். நுரைக்குழாயை ஒரு நாளும் தொடாத அம்மாவின் ரத்தத்திலும் அது ஏகத்துக்கு இருக்கிறது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

அம்மாவுக்கு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. பயறு, ஓட்ஸ், காய்கறி என்று நார்ச்சத்தாகச் சாப்பிடச் சொன்னார். குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு அதுதான் தீனி, அவற்றில் சில இந்த ரசாயனத்தைப் பிடித்து வெளியே தள்ளுமா என்று ஆராய்ச்சி நடக்கிறதாம், பலன் உறுதியில்லை, கெடுதலும் இல்லை என்றார். காலையில் நான்தான் பயறு வேகவைக்கிறேன். முதல் நாளே அடிப்பிடித்துவிட்டது, ஊர் நெருப்பை அணைத்தவனுக்கு அடுப்பைக் குறைக்கத் தெரியவில்லை. அம்மா அதையும் சாப்பிட்டாள். சட்டை துவைக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முடியலன்னு சொன்னப்பல்லாம் சோம்பேறின்னீங்களே, அதுவும் நுரையிலயா வந்துச்சு?" என்றாள். அன்றிலிருந்து பாத்திரத்தையும் நானே தேய்க்கிறேன் பாப்பா.

சின்ன வயதில், வேலையிலிருந்து வந்து நான் சட்டையை மாற்றுமுன்பே வாசலில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்வாய். அதனால் நீயும் ஒருமுறை தைராய்டு பார்த்துவிடு, தள்ளிப்போடாதே. உங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டும், அப்பாவின் ஆசி என்றும் உண்டு. உடம்பு அசதியாக இருந்தால் அம்மாவிடம் மட்டும் சொல்லி நிறுத்தாதே, என்னிடமும் சொல். குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

உன் அப்பா