அளவு ஜாக்கெட்

கொல்லங்கோடு,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி நவ்ஷாதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் ரஸியாவும் நலம். ஷார்ஜாவில் நீயும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா" என்பாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

ரஸியாவின் தையல் மிஷினை விற்க ஆள் பார்க்கச் சொன்னாய். நான் பார்க்கவில்லை. மார்பில் அறுவை முடிந்து, ஊசி மருந்தும் கரண்டு சிகிச்சையும் முடிந்து, உன் மனைவி போன மாதம் கடையைத் திறந்துவிட்டாள். காலையில் மட்டும்தான். தடுப்பாய் என்று உன்னிடம் சொல்லவில்லை. கோபப்படாமல் முழுவதும் படி.

வாளையார்ப் பக்கமிருந்து காற்று இறங்கிவிட்டது. கடையில் தொங்கும் துணியெல்லாம் மெல்ல ஆடுகிறது. மிஷின் சத்தத்தில் எனக்குக் கண் சொக்கும். நெல்லியாம்பதி மலை வாசலுக்கு வந்து மிதப்பது போலிருக்கும். ஊசி போட்ட நாட்களில் ரஸியாவுக்கு ஒரே கனவாம். ஆளில்லாத ஜாக்கெட்டுகள் பறவைகளைப் போலப் பனைமரத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்குக் கை தைக்கலியா?" என்று கேட்குமாம். பயமாக இல்லையா என்றேன். "இல்லக்கா, தைக்க இவ்வளவு இருக்கேன்னு சந்தோஷமா எந்திரிப்பேன்" என்றாள்.

கடை திறந்ததும் பெண்கள் வந்தார்கள். ஆனால் எல்லோரும் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொண்டுவந்தார்கள். முன்பெல்லாம் அவள் டேப்பைச் சுற்றும்போதே ஊர்க்கதையும் சிரிப்புமாக இருக்கும். இப்போது பையை மேஜையில் வைத்துவிட்டு, முகம் பாராமல் போனார்கள். அவள் கையைத் தூக்கிச் சிரமப்பட வேண்டாமே என்ற பரிவுதான். நானும் அப்படித்தான் ஒன்றைக் கொண்டுபோனேன். ஒரு நாள் அவள் டேப்பைச் சுருட்டி டிராயரில் போட்டாள். "என் கை அவங்க மேல படக்கூடாதுன்னு நெனைக்கிறாங்கக்கா. உங்க தம்பி சொன்னபடி மிஷினை வித்துரலாம்" என்றாள்.

டீச்சர் வேலையில் இருந்தபோது வகுப்பில் இதைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சலில் கிடந்து வந்த பிள்ளையைக் கேள்வி கேட்காமல் விட்டால், ஓய்வு கொடுத்தோம் என்று நாம் நினைப்போம். அந்தப் பிள்ளையோ, தன் பெயரையே அடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

மறுநாள் முதலமடை மாந்தோப்பில் வேலை செய்யும் செல்லாத்தாள் துணியோடு வந்தாள். அளவு ஜாக்கெட் எங்கே என்று நான்தான் கேட்டேன். "ஏனுங்க டீச்சர், இருந்தாக் கொண்டாரமாட்டனா? போன வருசத்து ஜாக்கெட்டு ஒண்ணுகூடப் பத்தறதில்லீங்க" என்று சொல்லி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ரஸியா முன்னால் நின்றுவிட்டாள். ரஸியா தயங்கித் தயங்கி டேப்பை எடுத்தாள். அறுவை நடந்த பக்கத்துக் கை தோளுக்கு மேல் எழவில்லை. "கொஞ்சம் குனிங்க, கொடிக்கம்பமாட்ட நிக்காதீங்க" என்றாள். செல்லாத்தாள் குனிந்தாள். டேப் முதுகைச் சுற்றி வந்தது. "மருந்து குடிச்சு நீங்க எளைச்சீங்க. அந்தச் சதையெல்லாம் எங்கிட்ட வந்துருச்சாட்ட இருக்குதுங்க!" என்றாள் செல்லாத்தாள். ரஸியா சிரித்த சிரிப்பில் டேப் நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலிருக்கும். அடுத்ததாக நானும் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

நவ்ஷாது, போன லீவில் அவளுக்குத் தொந்தரவு கூடாதென்று நீ கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாய். உன் நல்ல மனம் எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இதற்கு மேல் ஓர் அக்கா எழுதக்கூடாது.

அடுத்த மாதம் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடைக்குப் போ. உனக்கொரு சட்டை தைத்துத் தரச் சொல். ஆண்களுக்குத் தைப்பதில்லை என்பாள். விடாதே, பக்கத்திலேயே நில். அல்லாஹ் உங்கள் இருவரின் கூச்சத்தையும் எடுத்துவிடட்டும்.

துஆவுடன்,
உன் அக்கா ஐசும்மா