வெறும் வலையும் என் எரிச்சலும்

ஊர்காவற்றுறை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள வின்சன்றுக்கு அருளப்பு எழுதுவது.

வரிகள் மேலும் கீழும் போவதைப் பொறுத்துக்கொள்ளும். எழுபத்தொரு வயதில் படித்த எழுத்து. மேரிசுகந்தி ரீச்சர் ஆறு மாதமாகக் கையைப் பிடித்துப் பழக்கினார். இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் பிடித்தது. போனில் கதைத்தால் என் வாய் முந்திவிடும், உமக்குத் தெரியும். மன்னாரில் மகள் வீட்டில் சுகம்தானே? முழங்கால் நோ எப்படி?

ஒரு புதினச் செய்தி. என் கடைசித் தம்பியின் மகள் றொஷானி மருத்துவம் படிக்கிறாள். திருநாளுக்கு வந்தவளிடம், "பிள்ளை, எனக்கு ஏன் சின்ன விசயத்துக்கும் எரிச்சல் வருது? பிசாசோ?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"இல்லைப் பெரியப்பா, மூளை. கிடைக்குமெண்டு நம்பினது கிடைக்காட்டி உள்ளுக்குள்ளை ஒரு பகுதி கொதிக்கும். நெத்திக்குப் பின்னாலை இருக்கிற பகுதி அதை அடக்கும். சில பேருக்குக் கொதிப்புக் கெதியா வரும், அடக்கிறது மெல்லமாத்தான் வரும். பிறவிக் குணமும் அதிலை கிடக்கு. ஆனா பழக்கலாம். கொஞ்ச நேரம் குடுத்தாப் போதும்."

என்ன படிப்பு வின்சன்ற்! மண்டையைத் திறக்காமலே படம் பிடித்துப் பார்க்கிறார்களாம். அன்றிரவு முழுக்க உம்மைத்தான் நினைத்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தை முப்பது வருடமாக எனக்குத் தந்தவர் நீர். வலை வெறுமையாக ஏறும்போதெல்லாம், வள்ளத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கும் தகரப் பேணியை என் கையில் வைப்பீர். இறைத்து முடிப்பதற்குள் கொதிப்பு அடங்கிவிடும். இதை உமக்கு யார் படிப்பித்தது?

போன பங்குனியில் நண்டு வலை வெறுமையாக வந்தது. வள்ளத்துக்குள் ஒரு துளி தண்ணீர் இல்லை. அப்போதும் பேணியை நீட்டினீர். நக்கல் என்று நினைத்துவிட்டேன். "காய்ஞ்ச வள்ளத்திலை என்னத்தையடா இறைக்கிறது? நாளைக்கு என்ரை வள்ளத்திலை கால் வைக்காதை!" என்று பக்கத்து வள்ளங்களுக்கும் கேட்கக் கத்தினேன். அடுத்த கிழமை மன்னாருக்குப் போய்விட்டீர்.

மூளையைச் சாட்டித் தப்பப் பார்க்கிறேன் என்று நினையாதையும். கத்தியது நான்தான். மன்னித்துக்கொள்ளும்.

இப்போது மருமகன் அன்ரனிதாஸ் என்னோடு வருகிறார். வலை வெறுமையாக வந்தால் அவரும் கத்துவார், நானும் கத்துவேன். மிச்ச மீனும் அதிலேயே ஓடியிருக்கும். வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில், உமது இடத்தில் இன்னும் ஒருவரையும் இருத்தவில்லை. வாரும்.

மாதா உம்மையும் பிள்ளைகளையும் காக்கட்டும். பதில் வராவிட்டால் எனக்கு எரிச்சல் வரும். வரட்டும். அது அடங்க ஒரு கிழமை பொறுத்து, மறுபடியும் எழுதுவேன்.

உம்முடைய,
அருளப்பு