பொட்டு வைத்த கரண்டி

என் பாசத்துக்கும் வாய்ச்சண்டைக்கும் உரிய மச்சான் துரைக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. ஆட்டோ ஸ்டாண்டில் உன் இடத்தில் இப்போது வேறு வண்டி நிற்கிறது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. இன்று எழுதுவது கரண்டி விஷயமாக.

அடி அண்ணாமலையில் குடியிருந்த பிரெஞ்சு அம்மா ஊருக்குத் திரும்பும்போது, அத்தனை வருஷம் தனக்குச் சவாரி ஓட்டிய உனக்குக் கொடுத்தாரே, அதே கரண்டிதான். "சுத்த வெள்ளிடா" என்றாய். "வெள்ளைக்காரி குடுத்தா வெள்ளி ஆயிடுமா? முலாம்டா அது" என்றேன். ஒரு விசேஷம் விடாமல் பந்தியில் வைத்துச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். உள்ளே வலித்ததா, மச்சான்?

காம்பின் பின்பக்கம் கடுகளவு பெண் முகம் ஒன்று இருந்தது. அம்மன் என்று சொல்லி நீ பூஜை அலமாரியில் வைத்துப் பொட்டும் வைத்தாய். வெள்ளிக்கிழமை விபூதி போட்டுத் துலக்கும்போதெல்லாம், "சாமி மூஞ்சிய தேய்க்காதீங்க!" என்று சத்தம் போடுவாய். பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு.

உன் காரியம் முடிந்ததும், அண்ணன் ஞாபகமாக இது போதும் என்று உன் தங்கை அதை வாங்கி வந்தாள். நேற்று நான் அதை வெள்ளிக்கடை பாயிடம் எடுத்துப் போனேன். இப்போதாவது உன்னை ஜெயித்துவிடலாம் என்ற அற்ப ஆசை.

பாய் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "தேச்சி தேச்சி எல்லாம் வழவழன்னு ஆயிடுச்சிங்க. ஒரு குறியும் தெரியல" என்றார். எனக்குக் குஷி. பிறகு அந்தப் பொட்டு மேட்டை வெந்நீர் விட்டு ஊறவைத்துத் துடைத்தார்.

"ஹெல்மெட் போட்ட இந்தம்மா அம்மன் இல்லீங்க, பிரான்ஸ் கவர்மென்ட் முத்திரை. நெத்திக்கு முன்னாடி ஒண்ணுன்னு இருக்கு பாருங்க, அது வெள்ளியில உசந்த தரம். பக்கத்துல டைமன் கட்டத்துல செஞ்சவர் குறி. முலாம்னா கட்டம் சதுரமா இருக்கும், இந்த முகமும் இருக்காது. பொட்டு இல்லன்னா இதுவும் தேஞ்சிருக்கும். யாரு வெச்சது?"

"என் மச்சான்" என்றேன். பாய் எதிரிலேயே அழுதுவிட்டேன். நான் தோற்றதை இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?

வீட்டுக்கு வந்ததும் உன் தங்கை அந்த முகத்தில் மறுபடி பொட்டு வைத்தாள். "சாமி இல்லம்மா, கவர்மென்ட் முத்திரை" என்றேன். "எங்கண்ணன் சாமின்னா சாமிதான்" என்றாள்.

உன் வருஷத் திதிக்கு அந்தக் கரண்டியால்தான் பாயசம் பரிமாறுவேன். பந்தியில் எல்லார் எதிரிலும், "மச்சான் சொன்னது நிஜம்" என்பேன். ஒரு தடவைதான். ஜாஸ்தி கேட்காதே.

இப்படிக்கு,
முலாம் வெளுத்துப்போன
உன் தங்கை புருஷன்,
ஏழுமலை