ஆண்கள் வரிசையில் அம்மா

புக்கிட் பாஞ்சாங்,
சிங்கப்பூர்.

அன்பு மகள் சுஷ்மிதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் அவருக்கு இன்னும் முழுசாகக் கீழ்ப்படியவில்லை. டப்ளின் குளிரில் உன்னைக் காத்துக்கொள்ளும்படி தினமும் ஜெபிக்கிறோம். அம்மா ஏன் போனை எடுப்பதே இல்லை, எழுத்தில் மட்டும் பதில் வருகிறதே, என் மேல் ஏதாவது கோபமா என்று கேட்டிருந்தாய். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை கண்ணு. பிள்ளையிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டிருந்தாள், இப்போது அவளே எழுதச் சொல்லிவிட்டாள், பொறுமையாகப் படி.

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவின் குரல் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று உனக்குச் சொல்லியிருந்தோம் அல்லவா, சரியாகவில்லை. தடித்துக் கீழே இறங்கி ஏறக்குறைய என் குரலைப் போல ஆகிவிட்டது, இனி இப்படித்தான் இருக்கும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று எட்டாத சுருதியையெல்லாம் எட்டிப் பிடித்தவள், குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டுக் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாட்டு வரும்போது உதடு மட்டும் அசையும். கடையில்கூடக் கையால் காட்டித்தான் காய் வாங்குவாள். நீ கேட்டால் அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய் என்ற பயத்தில்தான் உன் போனை எடுக்கவில்லை. நானும் எத்தனையோ விதமாகச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் பலிக்கவில்லை.

ஆனால் உன் அம்மா சும்மா மூலையில் உட்காருகிற ஆளா? டாக்டர் நடக்கச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, வாரக்கடைசி வந்தால் ஒரு புது இடம் என்று வைத்துவிட்டாள். இன்னிக்கு ஆண்டவர் எதை ஒளிச்சு வச்சிருக்காரோ போய்ப் பாப்போம் என்று என் காதில் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வாள். நம் புளோக்குக்கு எதிரே ஓடும் எல்ஆர்டி ரயிலில் ஏறி எங்கேயும் இறங்காமல் முழுச் சுற்றும் சுற்றி வந்தோம், யார் யார் வீட்டு வராந்தாவில் என்னென்ன செடி என்று இப்போது அம்மாவுக்கு அத்துப்படி. காலாங் ஆற்றோரம் நீர்நாய்க் குடும்பம் ஒன்றைப் பார்த்தோம். தாய் மீனைக் கடித்துக்கொண்டிருக்க, குட்டிகள் அதன் முதுகில் ஏறி நின்று சத்தம் போட்டுச் சண்டை பிடித்தன. இதைப் படைத்த அன்று தேவன் நல்ல சிரிப்பில் இருந்திருப்பார் என்றாள் அம்மா. தோ பாயோவில் அந்தப் பழைய டிராகன் சறுக்குமரம் இருக்கிறதே, ஆள் இல்லாத நேரம் பார்த்து அதில் ஏறிச் சறுக்கிவிட்டாள், நான்தான் கீழே நின்று பதறிக்கொண்டிருந்தேன். கூட வாழ்கிறவளை இவ்வளவு காலம் கழித்து வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறேன் என்றால் நீ சிரிப்பாய்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டோம். வெயில் தாழ்ந்ததும் ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் புல்வெளி வழியாக நடந்து வந்தோம். ஞாயிறு அன்று அங்கே எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், ஊரிலிருந்து வந்து வேலை செய்யும் தம்பிமார் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மரத்தடியில் நாலைந்து பேர் பாய் விரித்துக் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள், அம்மா மிகவும் விரும்பிப் பாடும் கீர்த்தனைதான். நான் போகலாம் என்றேன், அவள் நின்றுவிட்டாள். அதில் ஒருவர் எழுந்து, "நில்லாதீங்கம்மா, பாயில உக்காருங்க, ஐயா நீங்களும் வாங்க" என்றார். உட்கார்ந்தோம். துவாஸ் பக்கம் தொழிலாளர் விடுதியில் தங்கியிருக்கிறவர்கள், வாரத்தில் இந்த ஒரு நாள்தான் சேர்ந்து ஜெபிக்க முடியுமாம். கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் பெயர் அழகேசன். அவர் கிறிஸ்தவர் இல்லை, ரூமில் எல்லோரும் இங்கே வந்துவிடுவதால் கூட வருகிறேன் என்று சிரித்தார்.

மறுபடியும் பாட ஆரம்பித்தார்கள். ஆண்கள் மட்டும் பாடுவதால் சுருதி நன்றாகக் கீழே இருந்தது. இரண்டாம் சரணத்தில் என் பக்கத்திலிருந்து ஒரு குரல் சேர்ந்தது. நான் யாரோ வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று திரும்பினேன், அம்மா கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். கரகரப்பு இருந்தது, ஆனால் எங்கும் முட்டவில்லை, அந்தக் குரல்களுக்குள் போய்ச் சரியாக உட்கார்ந்துகொண்டது. பாட்டு முடிந்ததும் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அழகேசன்தான், "அம்மா, எங்க கூட்டத்துல கீழ் சுருதி பாடுற ஆளு லீவுல ஊருக்குப் போயிட்டாரு, அவரு எடத்த நீங்க புடிச்சிட்டீங்க, அவருக்கு இனிமே வேலை இல்ல" என்றார். அம்மா சிரித்தாள் பார், வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவள் சிரிப்பும் மாறியிருக்கிறது சுஷ்மி, அன்றுதான் எனக்கே தெரிந்தது. திரும்பிவரும் ரயிலில் நான் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஒன்று கேட்டேன். பழைய குரலைத் திருப்பித் தாரும் என்று நான் இத்தனை நாள் ஜெபித்தேனே, நீ என்ன கேட்டாய் என்றேன். "நான் அதைக் கேக்கவே இல்லீங்க, எடுத்துக்கிட்டாரு, சரி, அப்ப இருக்கிறத வச்சு நான் என்ன செய்யணும்னு மட்டும்தான் கேட்டேன்" என்றாள். சபையில் எத்தனை வருஷம் மூப்பனாக இருந்து என்ன, எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லையே.

மறுநாளிலிருந்து சமையலறையில் பயிற்சி. பக்கத்து வீட்டு ஷபானா கதவைத் தட்டி, "அங்கிள், ஊர்லேருந்து யாராச்சும் வந்திருக்காங்களா, ரெண்டு நாளா ஆம்பளை பாடுற சத்தம் கேக்குது" என்று கேட்டாள். நான் திகைத்துப்போய் நின்றேன், இந்தப் பேச்சு அம்மா காதில் விழுந்தால் மறுபடியும் வாயை மூடிக்கொள்வாளே என்று. அவள் கரண்டியோடு வெளியே வந்து, "ஆமா, புது ஆளு, இனிமே இங்கேயேதான் தங்கப் போறாரு" என்றாள் அந்தக் குரலிலேயே. ஷபானா பாவம், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு பாடகர் குழுவை நடத்தும் சரத்திடம் அவளே போய் ஆண்கள் வரிசையில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆன்ட்டி, டெனர் வரிசைல எல்லாரும் அங்கிள்ங்க லா" என்றான். "அங்கிள்ங்க என்ன, கடிப்பாங்களா?" என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டு டெனர் பாட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினான்.

நேற்று ஆராதனையில் அங்கிள்மார் கோட்டும் டையுமாக நிற்க, நடுவில் அம்மா கத்தரிப்பூ நிறப் புடவையில் நின்றாள். தலை நிமிர்ந்துதான் நின்றாள். முன்பெல்லாம் எல்லோருக்கும் மேலே தனியாகக் கேட்கும் அவள் குரலைக் கடைசி பெஞ்சிலிருந்தே பிடித்துவிடுவேன். நேற்று தேடினேன், கிடைக்கவில்லை, அவ்வளவு இயல்பாக மற்றவர்களோடு கலந்திருந்தது. கடைசி ஆமெனில் மட்டும் கண்டுபிடித்துவிட்டேன், எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு நொடி கூடுதலாக நின்றது. அது அவளுடைய பழைய பழக்கம், சரத் எத்தனை தரம் சொன்னாலும் கேட்க மாட்டாள்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைவேலைகளை ஆசீர்வதிப்பாராக. காதை மூடும் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. முக்கியமான விஷயம், வருகிற ஞாயிறு இங்கே சாயங்காலம், உனக்குக் காலை நேரம், அம்மா உனக்குப் போன் செய்வாள். எடுத்ததும் அப்பாவா என்று கேட்டுவிடாதே மகளே. நான் பேச மாட்டேன், பக்கத்தில்தான் இருப்பேன். அழுகை வந்தால் அழு, அதற்கு அவள் தயாராகத்தான் இருக்கிறாள். அம்மா என்று மட்டும் முதலில் கூப்பிட்டுவிடு.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அப்பா,
பிரபாகர்