கால் வலி என்று சொன்னேன்

சிவகாசி,
12-7-1961

பிரியமுள்ள மகனுக்கு,

வழக்கம்போல ‘கர்த்தருக்குள்’ என்று தொடங்க இன்று கை வரவில்லை.

நீ கோவில்பட்டித் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய் மூன்று மாதமாகிறது. அதற்கு முன்னால், சபையில் முழு அங்கமாகச் சேர்க்கிற திடப்படுத்தல் ஆராதனையில் பேராயர் முன்னால் முழங்காலிடாமல் நின்று, “எனக்கு விசுவாசம் இன்னும் வரலைய்யா” என்றாய். “நாலு தலைமுறையா நம்ம வீட்ல இருக்கிறது உனக்கு மட்டும் எங்கலே போச்சு?” என்று அப்பா கத்தினார். நானும் சேர்ந்துதான் திட்டினேன்.

போன ஞாயிறு கோயிலில் திருவிருந்து அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள். இருபத்தைந்து வருஷமாக என் பெஞ்சில் முதலில் எழுகிறவள் நான்தான். அன்று எழவில்லை. பெண்கள் பக்கம் முழுக்கக் காலியாகி, நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் அப்பா, “உடம்புக்கு என்ன செய்யுது?” என்று கேட்டார். கால் வலி என்று சொன்னேன்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆண்டவரே, எனக்கும் விசுவாசத்தைத் தாரும் என்று அங்கே உட்கார்ந்து கேட்டேன். வீட்டில் இருக்கிற பொருள்தானே என்று இத்தனை வருஷமும் நான் அதைக் கேட்டதேயில்லை.

ஆண்டவர் அதை உனக்கு முதலில் கொடுத்தால் எனக்கு எழுது. கவரில் எழுது. கார்டென்றால் அப்பா படித்துவிடுவார்.

உன் அம்மா