கவிழ்த்து வைத்த கோப்பை

இன்று காலை மரக்கறி வாங்கிக்கொண்டு உள்துறைமுகப் பக்கமாக நடந்து வந்தேன். வழியில் ஒரு செத்தவீடு. வெள்ளைக்கொடி, தகரப் பந்தல், வாடகைக் கதிரைகள் எல்லாம் வழக்கம்போல. வாசல் தூணின் தலையில் மட்டும் ஒரு தேநீர்க் கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு செவ்வரத்தம்பூ வேறு. அங்கேயே நின்று உன்னை வாய்நிறைய ஏச வேண்டும்போல் இருந்தது எனக்கு. அந்த வீட்டுக்காரரை உனக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் அந்தக் கோப்பையை அங்கே வைத்தது நீதான்.

கப்பல் முகவர் கந்தோரில் உனக்கும் எனக்கும் எதிரெதிர் மேசை. மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்த கையோடு நீ முகநூலைத் திறப்பாய். நம் கரையின் மறந்துபோன வழக்கங்களைத் தேடுகிறோம் என்று ஒரு குழு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்கள் அங்கே கூடியிருந்து, புதுவீட்டில் ஏன் பழைய செருப்புக் கட்டுகிறோம், வாசலில் ஏன் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறோம் என்று கேட்பார்கள். பெரிய மனிதர் ஒருவர் வந்து அதிர்வலை, காந்தப்புலம் என்று அளந்துவிடுவார். கடைசியில் ‘நம் முன்னோர் முட்டாள்கள் அல்ல’ என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசை கட்டும். ஊரில் இருந்த காலத்தில் வாசல் கூட்ட எழும்பாதவர்கள்தான் அங்கே அதிகம் உருகினார்கள்.

“எங்கட முன்னோரைப் பற்றி உவருக்கு என்னடி தெரியும்?” என்று ஒருநாள் கேட்டாய். “என்ர அப்பப்பா ஒரே கிணத்துக்குள்ள ரெண்டு தரம் விழுந்தவர்.”

நல்ல சங்கதிகளும் அங்கே வராமல் இல்லை. நோன்புக் கஞ்சி காய்ச்சினால் பக்கத்துத் தமிழ் வீட்டுக்கும் ஒரு சட்டி போகும் என்று மூதூர்ப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். ஒரு குஞ்சும் எட்டிப் பார்க்கவில்லை. கஞ்சியில் காந்தப்புலம் இல்லையே. அன்றைக்குத்தான் உனக்கு ஆத்திரம் முற்றியது. கழுவி யன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருந்த என் கோப்பையைப் படம் பிடித்தாய். துறைமுகத்தடிக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால், அவர் கடைசியாகக் குடித்த கோப்பையைக் கழுவாமல் வாசல் தூணில் கவிழ்த்து வைப்பார்கள், எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு வரை யாரும் தொடமாட்டார்கள் என்று எழுதிப் போட்டுவிட்டு மீன் பொரியலைக் கடித்தாய்.

கந்தோர் விடுவதற்குள் குழு அமளிப்பட்டது. கோப்பையின் வளைவுக்குள் ஆன்மாவின் சூடு தங்கும் என்றார் பெரிய மனிதர். தன் மாமி இதைச் செய்ததைச் சின்ன வயதில் கண்ணால் கண்டதாக ஒருவர் நோர்வேயிலிருந்து கண்ணீர் வடித்தார்.

“பார், இல்லாத வழக்கத்துக்கும் ஒரு மாமி கிடைச்சிட்டா” என்று நீ மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாய்.

“காணும், அழிச்சு விடு” என்றேன்.

“ஏலாது. இஞ்ச பார், மெல்பேர்னில இருந்து என்ர மகளும் இதயம் போட்டிருக்கிறாள். விசரி. உவளும் அந்தக் கூட்டம்தான்.”

அதற்கும் சிரித்தாய். மற்றவர்களைப் பார்த்துச் சிரித்ததை நானும் ரசித்தேன். பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை.

பிறகு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பவில்லை. உன் மகள் வந்து சேரும்போது நீ பெட்டிக்குள் கிடந்தாய். அவள் அழவில்லை. நேரே குசினிக்கு வந்து என் கையைப் பிடித்தாள்.

“அன்ரி, அம்மா கடைசியாக் குடிச்ச கோப்பை எது? கழுவிப்போட்டினமோ? அம்மாவே எழுதினவ, நான் பாத்தனான். அதையாவது நான் சரியாச் செய்ய வேணும்.”

நீ கடைசியாகக் குடித்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில், என் பிளாஸ்கின் மூடியில். வீட்டுக் கோப்பைகள் எல்லாவற்றையும் அயலார் சாம்பல் போட்டு மினுக்கி அடுக்கியிருந்தார்கள். அவற்றில் ஒன்றை எடுத்து நீட்டி, “இதுதான் பிள்ளை, ஒருத்தரும் கழுவேல்லை” என்றேன். அவள் அதைத் தூணில் கவிழ்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். செத்தவீட்டுக்கு வந்த சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. பார்த்ததைச் செய்வதற்கு நம் சனத்துக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

போன கிழமை அந்தக் குழுவில் குச்சவெளிக்காரர் ஒருவர் எழுதினார். தன் ஊரிலும் இறக்கக்கண்டியிலும் நகரத்திலும் வீடு வீடாக விசாரித்தாராம். வயதானவர்கள் யாருமே இப்படியொரு வழக்கத்தைக் கேள்விப்படவில்லையாம். யாரோ வேடிக்கைக்குக் கட்டிவிட்ட கதை என்றும் சந்தேகப்பட்டிருந்தார். அந்த மந்தைக்குள் இத்தனை காலத்தில் வந்த ஒரேயொரு மூளையுள்ள மனிதன். நீ இருந்திருந்தால் கூப்பிட்டு விருந்து வைத்திருப்பாய்.

உன் மகள் உடனே எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அன்ரி, அம்மா பொய்யே எழுதினவ? நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள்தானே. நீங்கள் சொல்லுங்கோ.”

நான் குழுவில் எழுதினேன். இது உண்மையான வழக்கம், எங்கள் வீட்டிலும் செய்தார்கள், தெரியாத விஷயத்தில் வாய் வைக்க வேண்டாம் என்று அந்த நல்ல மனிதரைச் சாடினேன். பெரிய மனிதர் எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடு இன்னும் என் உடம்பில் ஊர்கிறது. குச்சவெளிக்காரர் மரியாதையாக மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குழுவை விட்டுப் போய்விட்டார். உன் மகள் ‘நன்றி அன்ரி’ என்று மட்டும் அனுப்பினாள்.

அவளைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பைக் கேட்ட ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். அவளிடம் அதை ஒருநாளும் சொல்லமாட்டேன். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. மத்தியானத்தில் சோறு தின்ன உட்காரும்போதெல்லாம் எனக்கு உன்மேல் ஆத்திரம் வருகிறது. எதிர்மேசையில் இப்போது ஒரு நல்ல பிள்ளை இருக்கிறாள். யாரையும் இளக்காரமாக ஒரு சொல் சொல்லமாட்டாள். அவளோடு எனக்குக் கதைக்க ஒன்றுமே இல்லை.