தூக்க முடிகிற வண்டி

ராஜபாளையம்
14-10-1991

அன்பு மகள் அப்ரோஸ் பேகத்துக்கு உன் அத்தா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே நலம். என் இடது முழங்கையில் ஒரு கட்டு இருக்கிறது, அதையும் நலத்தோடு சேர்த்தே எழுதுகிறேன், காரணம் கீழே வரும். போர்ட் பிளேயரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகந்தானே. நீ செப்டம்பரில் எழுதிய கடிதம் கடல் தாண்டி வர பதினாறு நாள் ஆயிற்று, நான் பதில் எழுத இன்னும் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டேன், ஆகவே தபால் இலாகாவைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. உன் அம்மாவுக்கு வலது கண் புரையை மதுரைக்குப் போய் எடுத்துவிட்டு வந்தோம், இப்போது வீட்டில் இருக்கிற ஒட்டடை எல்லாம் அவளுக்குத் தெரிகிறது, அதனால் எனக்குத்தான் சிரமம். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, மலைப்பக்கம் மட்டும் அவ்வப்போது இருட்டிக்கொண்டு வருகிறது.

நீ கேட்டிருந்தது இரண்டு வரிதான். தோப்புக்குப் போய்வர உங்களால் ஓட்டக்கூடிய வண்டி ஒன்று வாங்குங்கள், இல்லையென்றால் விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிற சோழபுரம் சங்கிலிப்பாண்டி அண்ணனுக்கே தோப்பைக் கொடுத்துவிடலாம், இனிமேல் நீங்கள் மழையில் நடந்து வரக் கூடாது என்று எழுதியிருந்தாய். போன வருடம் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நனைந்து வந்து பதினொரு நாள் காய்ச்சலில் கிடந்தவன், இதற்கு மறுப்பு சொல்ல முடியாது. சங்கிலிப்பாண்டியும் ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டார். பத்திரம் உன் பெயரில் இருக்கிறது, முடிவு உன்னுடையது. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சிரஸ்தாராக ஓய்வு பெறும் வரை முப்பத்து நான்கு வருடம் யாராவது உள்ளே வந்தால் எழுந்து நின்றே பழகியவன் நான். அந்தச் சப்பட்டை மாமரங்களுக்கு அடியில் உட்கார்ந்தால் யாரும் உள்ளே வருவதில்லை. அந்த இடத்தை விட எனக்கு மனம் இல்லை. இதைச் சொல்லாமல் வண்டியைப் பற்றி மட்டும் எழுதினால் நான் நேர்மையாக எழுதியது ஆகாது.

வண்டி விஷயத்தில் நான் அவசரப்படவில்லை என்பது உனக்குச் சொல்லாமலே தெரியும். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மதார் சாகிப்பிடம் மூன்று வண்டிகள் விலைக்கு இருந்தன, ஒரு மொபெட், ஒரு ஸ்கூட்டர், ஒரு நூறு சிசி மோட்டார் சைக்கிள். ஒரு முழு நீளக் காகிதத்தில் கோடு போட்டு, மேலே மூன்று வண்டியும் பக்கத்தில் பத்தொன்பது கேள்வியுமாக எழுதிக்கொண்டு போனேன். மதார் சாகிப் அதைப் பார்த்துவிட்டு, “சிரஸ்தார் மாமா, வண்டி வாங்க வந்தீயளா, எம் மேல கேஸு போட வந்தீயளா” என்றான். ஆனாலும் பொறுமையாகப் பதில் சொன்னான். ஸ்கூட்டரில் உன் அம்மா சௌகரியமாக உட்காரலாம், சேலை சங்கிலியில் மாட்டாது, பஜாரில் மில் ஷிப்டு விடுகிற நேரத்தில் சைக்கிள்களுக்கு நடுவே வளைத்துக்கொண்டு போகலாம், பஞ்சர் ஆனால் மாற்றுச் சக்கரம் பின்னாலேயே இருக்கிறது. ஆனால் சக்கரம் சின்னது, தோப்புப் பாதையில் இரண்டு கல்லுக்கு நடுவே இறங்கினால் இறங்கினதுதான். மொபெட் வெகு லேசு, கியர் கிடையாது, ஆனால் பின்னால் மாங்காய்ச் சாக்கு ஏற்றினால் மேட்டில் மூச்சு வாங்கும், உன் அம்மாவை ஏற்றினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவள் பக்கத்தில் நின்றாள். மோட்டார் சைக்கிளுக்குச் சக்கரம் பெரிது, அடிவயிறு கல்லில் தட்டாது, தென்காசி ரோட்டில் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரமாக மண்ணில் இறங்கினாலும் ஆடாமல் ஏறிவிடும். பின்பக்கப் பல்சக்கரத்தை இரண்டு பல் கூட உள்ளதாக மாற்றித் தருகிறேன், மலையடிவாரத்தில் ஆடு மாதிரி ஏறும் என்றான் மதார். அப்படி மாற்றினால் தார் ரோட்டில் என்ன ஆகும் என்று கேட்டேன். நாற்பதுக்கு மேலே போனால் எஞ்சின் கத்தும் என்றான். நான் நாற்பதில் போனால் எஞ்சினுக்கு முன்னால் நான் கத்துவேன், ஆகவே அது எனக்குக் குறையே இல்லை என்று எழுதிக்கொண்டேன். முரட்டுப் பட்டன் டயர் மட்டும் வேண்டாம் என்றேன், மண்ணில் பிடிக்கிறது ஈரத் தாரில் வழுக்கும் என்று அவனே ஒப்புக்கொண்டான்.

கடைசியில் இருக்கை உயரம். சுவரோடு ஒட்டி நின்று என் காலை அளந்து பார்த்தேன், முப்பத்தொன்றரை அங்குலம். மோட்டார் சைக்கிள் இருக்கை முப்பத்தொன்று. அரை அங்குலம் மிச்சம் என்று அடிக்கோடிட்டு வைத்தேன். பத்தொன்பதில் பதினான்கு கேள்விக்கு மோட்டார் சைக்கிள்தான் ஜெயித்தது. மதார் சாகிப், “மாமா, வாங்கறதுக்கு முந்தி ஒருவாட்டி தோப்பு வரைக்கும் ஓட்டிப் பாத்திருங்க” என்று சாவியைக் கொடுத்தான். சனிக்கிழமை போவதாக நாள் குறித்தேன். இவ்வளவு யோசிக்கிறவன் அது புரட்டாசிச் சனிக்கிழமை என்பதை யோசிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஒரு குறையும் இல்லாமல் போனேன், பஸ்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போயின, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஊரைத் தாண்டி நம் பக்கத்துப் பெருமாள் மலையான திருவண்ணாமலைக்குத் திரும்பியதும் ரோடு முழுக்க ஜனம், மலைப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள். நடப்பவர் வேகத்தில் முதல் கியரிலேயே கிளட்சைப் பிடித்தும் விட்டும் நாலு கிலோமீட்டர் போனேன். இடது கை மரத்துப்போயிற்று. இரண்டு தரம் எஞ்சின் நின்றது, இரண்டு தரமும் கட்டியிருந்த சாரத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைத்தேன், ஏழாவது உதையில் கிளம்பும். பக்கத்தில் நடந்து வந்த ஒரு அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்து, “பாயி, நீரு வண்டிய ஓட்டுதீரா, வண்டி ஒம்ம ஓட்டுதா” என்று கேட்டார். அது இன்னும் தீர்மானமாகவில்லை அம்மா என்றேன். அவர் எனக்கு முன்னால் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். கூட்டத்தில் மொபெட்தான் மேல் என்று அங்கேயே என் காகிதத்தில் ஒரு திருத்தம் செய்திருக்க வேண்டும், கிளட்சிலிருந்து கையை எடுத்தால்தானே எழுதலாம்.

கோயிலைத் தாண்டிக் கல்பாதையில் இறங்கியதும் வண்டி நிஜமாகவே நன்றாகப் போயிற்று அப்ரோஸ். சொன்னால் நம்பமாட்டாய், எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. கல் மேல் ஏறி இறங்கும்போது ஒரு நாற்பது வயசுக்காரன் ஓட்டுகிற மாதிரியே இருந்தது. பிறகு ஓடை வந்தது. மலையில் முந்தின நாள் பெய்திருக்கிறது, கணுக்காலுக்கு மேல் தண்ணீர். வண்டியை நிறுத்திவிட்டு, நம் பக்கத்தில் எல்லாரும் செய்கிற மாதிரி செருப்பைக் கழற்றினேன், அன்றைக்கு நான் போட்டிருந்தது கோர்ட்டுக்குப் போட்ட பழைய தோல் பூட்ஸ். தோல் நனையக் கூடாதே என்று இரண்டையும் வாரால் முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டேன். நடு ஓடையில் ஒரு உருண்டைக் கல் தடுத்தது, வண்டி நின்றது, காலை ஊன்றினேன். தரை இல்லை. என் காலை அளந்தபோது அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் அளந்தேன் என்பது, சாய்ந்துகொண்டிருக்கிற அந்த நேரத்தில்தான் எனக்கு நினைவு வந்தது. ஒன்றேகால் அங்குலக் குதி அப்போது என் கழுத்தில் தொங்கியது. விழுந்தேன் என்று சொல்ல முடியாது, அவ்வளவு மெதுவாக நடந்தது, வண்டியோடு சேர்ந்து படுத்துக்கொண்டேன் என்று சொல்லலாம்.

முழங்கையில் சிராய்ப்புதான், எலும்புக்கு ஒன்றும் இல்லை, டாக்டர் பார்த்துவிட்டார். ஆனால் வண்டியை என்னால் தூக்க முடியவில்லை. மூன்று விதமாக முயன்றேன். கைப்பிடியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன், நோயாளிக்கு நாடி பார்க்கிற மாதிரி. விட்டால் எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடும், விடாவிட்டால் நான் எழுந்து போய் ஆளைக் கூப்பிட முடியாது. அரைமணி நேரம் கழித்து நம் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் மாரிசாமியும் அவன் பெண்சாதி இருளம்மாளும் விறகோடு வந்தார்கள். இருளம்மாள் தூரத்திலேயே நின்று, “ராவுத்தரய்யா, மீனு எதும் மாட்டுச்சா” என்றாள். மாரிசாமி, “ஏட்டி, சும்மா கெட, அவிய நடுங்குதாவ” என்று அதட்டிவிட்டு, ஒற்றை ஆளாக வண்டியை நிமிர்த்தினான். அவன் திரும்பி நின்று சிரித்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். இந்தக் கதை இதற்குள் ஊருக்கு வந்து, ஆற்றோடு போன என்னைக் கயிறு கட்டி இழுத்ததாக வளர்ந்துவிட்டது. உன் அம்மா கட்டுப் போட்டு முடித்துவிட்டு, “அதென்ன, பத்தொம்பது கேள்வி கேட்டீய, விழுந்தா தூக்க முடியுமான்னு ஒண்ணு கேக்கலியா” என்றாள்.

கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை எழுதிப் பார்த்தால் மற்றப் பத்தொன்பதும் வேண்டியதில்லை. மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், வெறுங்காலோடு, மூன்று வண்டியையும் ஒவ்வொன்றாகத் தரையில் படுக்கவைத்துத் தூக்கிப் பார்த்தேன். மதார் சாகிப் தலையில் கையை வைத்துக்கொண்டான். ஸ்கூட்டர் பாதி வரை வந்தது. மொபெட்டைத் தூக்கினேன், ஒரு கையில் கட்டோடு தூக்கினேன், இரண்டாம் தரமும் தூக்கிக் காட்டினேன். அதையே வாங்கிவிட்டேன். அது மேட்டில் திணறும், அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். உன் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வழக்கம்போல பஸ்ஸில் வருவாள், நான் வண்டியில் போய்ச் சேர்வதற்குள் அவள் பால்கோவா வாங்கி முடித்திருப்பாள். மாங்காய்ச் சாக்கு மாரிசாமியின் சைக்கிளில் வரும். மலைப்பக்கம் இருட்டினால் கிளம்புவதில்லை என்று உன் அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், நீ நம்பலாம், பயப்படுகிற விஷயத்தில் நான் ஒருநாளும் வாக்குத் தவறியதில்லை.

விழுந்ததை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் ஒரு வாரம் நினைத்திருந்தேன். எழுதினால் நீ தோப்பை விற்றுவிடுவாய் என்று பயம். எழுதாமல் விட்டால், நான் சொன்ன எதை நம்பி நீ முடிவு செய்வாய்? ஆகவே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. நேற்று அந்த மொபெட்டில் சோழபுரம் போய், சங்கிலிப்பாண்டியிடம் தோப்பு கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். “மககிட்ட கேட்டாச்சா” என்றார். கேட்கவில்லை, கடிதம் இனிமேல்தான் எழுத வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மோர் கொடுத்தார். உன் பெயரில் இருக்கிற சொத்துக்கு உன் உத்தரவு இல்லாமல் நான் பதில் சொன்னது தவறு. இதைப் படித்துவிட்டு நீ கொடுக்கத்தான் வேண்டும் என்று எழுதினால், நானே போய் அவரைக் கூட்டி வருகிறேன், எந்த வருத்தமும் காட்டமாட்டேன். தவறு என்பதை எழுதிவிட்டேன். அதற்காக வருந்துகிறேன் என்று எழுத மூன்று தரம் பேனாவை எடுத்தேன் அம்மா, வரவில்லை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் தரவேண்டும் என்று தினமும் துஆ கேட்கிறோம். பேரனுக்கு எங்கள் முத்தம். உன் அம்மா சலாம் சொல்லச் சொன்னாள். நீ அங்கே உன் ஸ்கூட்டரை மேட்டிலிருந்து இறக்கும்போது துப்பட்டாவின் முனையை மறக்காமல் முடிந்துகொள், பேரனை முன்னால் நிற்கவைத்து ஓட்டாதே.

இப்படிக்கு,
உன் பதிலை எதிர்பார்த்திருக்கும் அத்தா,
சேக் முகைதீன்